ஆறு துண்டு

தேவகோட்டைக்கு அனுப்பும்போதே
முதலாளி எண்ணிக் கொடுத்தார்:
ஆறு துண்டு.
இரண்டாம் வரிசை, நடுவில், மின்விசிறிக்கு நேரே.
பெரிய வித்வான் ஏழரைக்குத்தான்;
நீ நாலுக்கே போய் உட்காரு.

ஆணி, தாழ்ப்பாள், கீல் விற்கும் கடையில்
கணக்கெழுதுகிறவன் நான்.
பாட்டு பழக்கமில்லை.
கத்திரி வெயிலில் காரைக்குடி பஸ்ஸில் நின்றே வந்து
மண்டபத்துப் பூக்கல் தரையில் செருப்பைக் கழற்றியதும்
எனக்கு முன்னால்
என் உள்ளங்கால் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் துண்டுக்கும் முன்பே வந்திருந்தன
மற்ற வீட்டுத் துண்டுகள்.
காசித் துண்டு, ஈரிழை, ஜரிகை போட்டது,
ஒரு நாற்காலியில் கார்ச்சாவி மட்டும்,
இன்னொன்றில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.
இருநூறு நாற்காலி.
ஆட்கள் பதினொன்று,
மைக்காரரையும் சேர்த்து.

நோட்டீசில் வித்வான் முகம் தாம்பாளம் அளவு.
அடியில், எறும்பு எழுத்தில்,
மாலை 4: சாரதாமாணி, பரமக்குடி.
‘சாரதாமணிங்க’ என்று
அவளே மைக்கில் ஒருமுறை சொன்னாள், சிரிக்காமல்.
பிறகு துண்டுகளைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பிடில் ஆரோக்கியராஜ்;
வில் பிடித்த கையில் பழைய தீக்காயம்.
மிருதங்கம் முத்தழகு, கல்லூரிப் பையன்;
கடிகாரத்துக்குத்தான் வாசித்தான் பாதி நேரம்.

என்ன ராகம்? தெரியாது.
ஒரு சுரத்தை எடுத்தாள்,
மரையில் ஏறாத போல்ட்டை
அவசரப்படாமல் பின்னுக்குச் சுழற்றி
மறுபடி முன்னுக்குத் திருகுவது போல.
அது பிடித்துக்கொண்ட நொடி
என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது.

மேலே ஓர் இடத்தில் குரல் உடைந்தது.
நிறுத்தினாள். இருமினாள்.
‘மன்னிக்கணும்’ என்றாள்.
யாரிடம்?
விசிறிக் காற்றில் முன்வரிசைக் காசித் துண்டு
மெல்லத் தலையாட்டியது.
உடைந்த இடத்துக்கே திரும்பி ஏறினாள்,
இந்தமுறை இன்னும் மெதுவாக.

முடிந்தபோது கைதட்டல்,
தகரக் கூரையில் மழைக்கு முன் விழும்
நாலைந்து துளி.

ஏழு மணிக்குப் போன் வந்தது.
‘ரொம்பப் புழுக்கமா இருக்கு, நாங்க வரலை.
நீயே கேட்டுட்டு வந்துரு.’

ஆறு நாற்காலி, ஒரு நான்.
ஒண்ணுக்குப் போக வெளியே வந்தேன்.
ஜெனரேட்டர் ஓரம்
பேப்பர் கப்பில் மோர் குடித்தபடி மூவரும்.
பாடினவர்களுக்கு பாஸ் கிடையாதாம்.
கூப்பிட்டேன்.
‘யாரோட இடம்ங்க இது?’
‘எங்க கடையோடது’ என்றேன். பொய்யில்லை.

ஏழரைக்கு மண்டபம் நிறைந்து வழிந்தது,
வைரத்தோடும் விசிறி மட்டையும் மல்லிகையுமாக.
வித்வான் நன்றாகத்தான் பாடினார்.
சாரதாமணியின் வலக்கை
தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.
மண்டபமே ‘ஆகா’ என்ற ஓர் இடத்தில்
அந்தக் கை மட்டும்
அந்தரத்தில் நின்றது,
காத்திருந்தது,
பிறகு இறங்கியது.
அங்கே என்ன நடந்தது என்று
இதுவரை எனக்குத் தெரியாது.
அதற்கப்புறம் மேடையை நான் பார்க்கவேயில்லை.

முத்தழகு வாய்திறந்து தூங்கினான்.

ஒன்பது இருபதுக்கு எழுந்தார்கள்.
பரமக்குடி கடைசி பஸ் ஒன்பது நாற்பது.
சினிமாக் கொட்டகையில் போவது போல்
குனிந்தே நடந்தாள்.
அப்படியும் பின்னாலிருந்து ஒருவர் ‘ஸ்ஸ்’ என்றார்.

காலையில் எண்ணினால் ஐந்து துண்டு.
முகம் துடைத்தவள்
மறந்து பையில் வைத்திருக்க வேண்டும்.
நோட்டில் ‘துண்டு 5, வரவு’ என்று எழுதிவிட்டு
ஆறாவதை எந்தப் பத்தியில் ஏற்றுவது என்று
பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

‘கச்சேரி எப்படிடா?’
‘எந்தக் கச்சேரிங்க?’ என்றது வாய்.
முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.
நல்லவேளை,
கதவுக்குக் கீல் வேண்டும் என்று
ஒரு ஆள் வந்து நின்றார்.